பதினான்காம் பக்கம் வரை

பிப்ரவரி 9

தம்பி,

உன் நம்பரைப் போனிலிருந்து எடுத்துவிட்டேன். திரும்பச் சேர்க்க மனசு வரவில்லை. உன் குரலைக் கேட்டால் ஒன்று கத்துவேன், இல்லை அழுவேன். இரண்டுக்கும் இப்போது தெம்பில்லை. அதனால்தான் தாளும் பேனாவும்.

திட்டுவதற்காக எழுதவில்லை. அதையெல்லாம் நவம்பரிலேயே விசாரணை அறை வாசலில் நின்று திட்டித் தீர்த்தாயிற்று. "இனிமே என் மூஞ்சியில முழிக்காத" என்றேன். நீயும் அப்படியே கேட்டுக்கொண்டாய். இந்த வீட்டுக்கு நான் வந்தபோது உனக்குப் பதினோரு வயசு. அன்றைக்கிருந்து நான் சொன்ன எதையாவது இவ்வளவு ஒழுங்காகக் கேட்டிருக்கிறாயா நீ?

மார்ச் 16 கடைசி விசாரணை. இன்னும் ஐந்து வாரம். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் வரிசையாக எழுதினால்தான் என் மண்டையில் நிற்கிறது. செப்டம்பரில் தொழிற்சாலை எண்ணெய்த் தொட்டியைச் சுரண்ட, கூட வேலை பார்த்த நெட்டை உள்ளே இறங்கினான். உன் அண்ணன் வழக்கம்போலத் தொட்டியின் வாயில் காவலுக்கு நின்றார். உள்ளே வாயு சேர்ந்துவிட்டது. அவன் கையிலிருந்த வாயு மீட்டர் கத்திக்கொண்டே இருந்ததாம். நெட்டை அதை உள்ளங்கையில் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே நின்றானாம். இவர் மேலிருந்து கத்தினாராம். அவன் விழுந்தான். இவர் மீட்புக்குழுவைக் கூப்பிட்டார். அவர்கள் வர ஒன்பது நிமிடம் ஆனது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அறிக்கை என்ன சொல்கிறது? உள்ளே போனவன் கம்ப்யூட்டரில் பாதுகாப்புப் பாடம் படித்துத் தேறியவன். வாயில் நின்றவர் பாடத்தை முடிக்கவே இல்லை, முடித்ததாக மேஸ்திரியிடம் பொய் சொல்லியிருக்கிறார். ஆகவே ஓர் உயிர் போனதற்கு முழுப் பொறுப்பும் இவருக்குத்தான். 16ஆம் தேதி இதை உறுதி செய்துவிட்டால் அடுத்து கோர்ட், அப்புறம் ஜெயில்.

இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த மனுஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தட்டை வைத்தால் வைத்த இடத்திலேயே இருக்கிறது. பேச்சு சுத்தமாக நின்றுவிட்டது. வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் கட்டில் சட்டத்தில் தட்டிக்கொண்டே இருக்கிறது. டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று மாத்திரை கொடுத்தார். விரல் நிற்கவில்லை.

யார் யார் பாடம் முடித்தார்கள் என்ற பழைய பதிவையெல்லாம் புது முறைக்கு மாற்றியது நீதானே. இன்னொரு தடவை பார். ஒரே ஒரு தடவை. காலில் விழச் சொன்னால் விழுகிறேன்.

அண்ணி

&nbsp;

பிப்ரவரி 14

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அண்ணனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, ஆபீஸ் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் கேட்டபடி மறுபடி பார்த்தேன். புதிய முறையில் ஒவ்வொரு பதிவும் ஒரு வாக்கியம். யார், என்ன செய்தார், எதை என்று மூன்று துண்டு. அண்ணனுடைய வாக்கியம் இது: ஊழியர் எண் 418, முடிக்கவில்லை, தொட்டிப் பாதுகாப்புப் பாடம். நெட்டையின் வாக்கியம்: ஊழியர் எண் 733, தேர்ச்சி பெற்றார், தொட்டிப் பாதுகாப்புப் பாடம். இரண்டிலும் பிழை இல்லை. மாற்றும் புரோகிராமை எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அண்ணி, நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? விசாரணை அதிகாரி என்னை உட்காரவைத்து "இந்தப் பதிவு சரியானதா?" என்று கேட்டார். நான் அந்தக் கமிட்டியில் ஒன்பது வருஷமாக இருக்கிறவன். பாடம் படித்தவர்களின் பதிவை எப்படி வைக்க வேண்டும் என்று விதி எழுதுகிற கமிட்டி. கூடப்பிறந்தவர் என்பதற்காக நாக்கைப் புரட்டினால், அதற்கப்புறம் எந்தத் தொழிற்சாலையில் எந்தப் பதிவை யார் நம்புவார்கள்? "பதிவு பொய் சொல்லாது" என்றேன். அது உங்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அண்ணனுக்கு மறந்துபோயிருக்கலாம். வேலை அலுப்பில் பாதியில் மூடிவிட்டு, முடித்துவிட்டோம் என்று நினைத்திருக்கலாம். நல்ல வக்கீல் ஒருவரைப் பார்த்து வைத்திருக்கிறேன். செலவு என்னுடையது.

பதிலையும் தாளிலேயே எழுதுங்கள், மெயில் மட்டும் வேண்டாம். ஆபீஸ் மெயிலை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம்.

தம்பி

&nbsp;

பிப்ரவரி 18

தம்பி,

உன் வக்கீலை நீயே வைத்துக்கொள்.

மறந்துபோயிருக்கலாமாம்! உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மூன்று மாசத்துக்கு அப்புறம் முதல் முறையாக வாயைத் திறந்தார். என்ன சொன்னார் தெரியுமா? "அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் முடிக்கல போல." அவ்வளவுதான், திரும்பச் சுவர் பக்கம் போய்விட்டார். செய்த காரியத்தையே செய்யவில்லை என்று ஒரு மனுஷனை நம்பவைத்துவிட்டீர்களே, நீயும் உன் கமிட்டியும். விளங்குவீர்களா?

எனக்கு மறக்கவில்லை தம்பி. போன வருஷம் பிப்ரவரி. மழை விட்டிருந்த சாயங்காலம். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்து நின்றார். அப்போதுதான் துடைத்த தரை. நான் வாயைத் திறப்பதற்குள் "நூத்துக்குத் தொண்ணூத்திரண்டு" என்றார். ஐம்பத்தோரு வயசில் பரீட்சை எழுதி மார்க் வாங்கின ஆளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு. "மீதி எட்டு எங்க போச்சு?" என்றேன். இருபத்தைந்து கேள்வியாம், ரெண்டு தப்பாம். ஒன்று கயிற்றின் நீளம். இன்னொன்று முகமூடி வடிகட்டியை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்பது. சாப்பிடுகிற நேரம் முழுக்க அந்த இரண்டு கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "நான் சொன்னதுதான் சரி, கம்ப்யூட்டருக்குத்தான் தெரியல" என்று.

பாதியில் மூடினவருக்குத் தொண்ணூற்றிரண்டு எங்கிருந்து வந்தது? கனவிலா? உன் மூன்று துண்டு வாக்கியத்தில் அந்தத் தொண்ணூற்றிரண்டு எந்தத் துண்டில் இருக்கிறது? அதைத் தேடு. கிடைக்கவில்லை என்றால் எழுதாதே.

அண்ணி

&nbsp;

பிப்ரவரி 25

அண்ணி,

கிடைத்தது.

இதை எழுத நான்கு நாளாக முயல்கிறேன். நான்கு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நான் செய்த காரியம் உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் பழைய கதையைச் சொல்லியாக வேண்டும்.

முன்பெல்லாம் பயிற்சிக்கு வந்தவர்கள் நோட்டில் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு பாடம் கம்ப்யூட்டருக்குப் போனது. ஆளாளுக்கு ஒரு விதம், ஒரு கம்பெனியின் பாடம் இன்னொரு கம்பெனி மெஷினில் ஓடாது. விமானத் தொழில்காரர்கள்தான் முதலில் உட்கார்ந்து பொதுவாக ஒரு விதி போட்டார்கள். அதிலிருந்து அடுத்த விதி வந்து உலகம் முழுக்கப் பரவியது. எளிமையானது, ஆனால் அதில் ஒரு கோளாறு. ஒருவர் பாடத்தை முடித்தாரா, தேறினாரா என்பதற்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு கட்டம்தான். அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு சொல்தான் நிற்கும். "தேர்ச்சி" என்று இருக்கலாம், "முடிக்கவில்லை" என்று இருக்கலாம். புதுசு எழுதினால் பழசு போய்விடும். பின்னால் வந்தவர்கள் அதை இரண்டு கட்டமாகப் பிரித்தார்கள். அதற்கும் பின்னால் நாங்கள் கட்டத்தையே தூக்கிப்போட்டுவிட்டு வாக்கியத்துக்கு வந்தோம்.

அண்ணன் தொழிற்சாலையில் இருந்தது அந்த ஒற்றைக் கட்ட முறை. அங்கே இருந்த பாடத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. திறந்த உடனே கட்டத்தில் "முடிக்கவில்லை" என்று எழுதிவிட்டுத்தான் தொடங்கும். கடைசிப் பக்கம் வரை போனால்தான் திரும்ப "தேர்ச்சி" விழும். ஏற்கெனவே தேறின ஒருவர் இன்னொரு முறை பார்க்கலாம் என்று திறந்து, பாதியில் மூடினால், அவருடைய தேர்ச்சி போய்விடும்.

பழைய பதிவுகளைப் புதுசுக்கு மாற்றும்போது என்ன செய்வது என்று கமிட்டியில் விவாதம் வந்தது. கடைசியாகக் கட்டத்தில் நிற்கிற சொல்லே போதும், மற்றதை விட்டுவிடலாம் என்று விதி எழுதியது நான். செவிலியர் பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்த ஓர் அம்மா மட்டும் எதிர்த்தார். "திரும்பத் திறந்து படிக்கிறவங்க கதி என்ன?" என்று கேட்டார். நான் சிரித்தேன் அண்ணி. "முடிச்ச பாடத்த யாரும்மா மறுபடி திறப்பாங்க?" என்றேன். மேஜையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா கையிலிருந்த பேனாவை மூடிவைத்துவிட்டார்.

என் புரோகிராம் மாற்றும்போது தேவையில்லை என்று விட்டவற்றை ஒரு கோப்பில் கொட்டிவைக்கும். சக்கை மாதிரி. வேலை முடிந்ததும் அதை அழித்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். அழித்துவிட்டேன் என்று கையெழுத்தும் போட்டேன். அழிக்கவில்லை. சோம்பேறித்தனம், வேறென்ன. சனிக்கிழமை அதைத் திறந்தேன். 418. மதிப்பெண் 92. தப்பான கேள்விகள் 7, 19. கடைசியாகத் திறந்த நாள், விபத்துக்கு முந்தின நாள். நின்ற பக்கம் 14.

அண்ணன் தேறியவர். அதற்குப் பின் மறுபடி திறந்து பார்த்தவர். அதற்குத்தான் அவருக்கு இந்தத் தண்டனை. மதிப்பெண்ணும் இருந்து "முடிக்கவில்லை" என்றும் இருப்பவர்கள் அந்த ஒரு தொழிற்சாலையில் மட்டும் முப்பத்தாறு பேர். திரும்பப் படித்தவர்கள் எல்லோரையும் படிக்காதவர்கள் என்று எழுதிவைத்திருக்கிறேன்.

இந்தக் கோப்பை விசாரணையில் கொடுத்தால் என் வேலை போகும், பொய்க் கையெழுத்துக்கு வழக்கும் வரும். வரட்டும். கொடுக்கிறேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டு எழுதுங்கள். பதினான்காம் பக்கத்தில் நின்றது ஏன் என்று அங்கே கேட்பார்கள். அண்ணன் எதற்காக அன்றைக்குத் திறந்தார்?

என்னை மன்னியுங்கள் என்று எழுதத் தெரியவில்லை.

தம்பி

&nbsp;

மார்ச் 1

தம்பி,

உன் கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தேன். படித்து முடித்ததும் தெருவில் போகிறவர்களைப் பிடித்து நிறுத்தி "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று காட்டவேண்டும்போல இருந்தது. அந்தச் சந்தோஷம் எத்தனை நேரம் இருந்தது என்று கேட்காதே. சமையலறைக்குள் போய்ச் சேரும்வரை.

அவர் மேஜையருகே உட்கார்ந்திருந்தார். முன்னால் டீ ஆறிக்கொண்டிருந்தது. விரல் மேஜையில் தட்டிக்கொண்டிருந்தது. நான் வாயெல்லாம் பல்லாக "நீங்க முடிச்சிருக்கீங்க! தம்பி கண்டுபிடிச்சிட்டான்! பதினாலாம் பக்கத்துல என்னங்க இருக்கு?" என்றேன்.

விரல் நின்றுவிட்டது.

"அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அப்புறம் அழுதார் தம்பி. உன் அப்பா போனபோதுகூட அழாத மனுஷன். அழுதுகொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இல்லையென்றால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

அங்கே ஒரு வழக்கமாம். "விரல் கொடுக்கிறது" என்று சொல்வார்களாம். பாடம் முடிக்காதவர்களைத் திங்கட்கிழமையிலிருந்து ஷிப்டில் விடமாட்டோம் என்று போர்டு போட்டால், படிக்கத் திணறுகிறவனுக்குப் படித்தவன் உட்கார்ந்து அழுத்திக் கொடுப்பானாம். ஆபீஸில் இருப்பவர்களுக்கும் தெரியுமாம், கண்டுகொள்ள மாட்டார்களாம். நெட்டைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். அந்தப் பாடமோ உன் கமிட்டி ஆட்கள் பேசுகிற பாஷை. "அண்ணே, எழுத்தெல்லாம் ஓடுதுண்ணே. ஒரு விரல் குடுண்ணே" என்று வந்து நின்றானாம். இவருக்குத்தான் கேள்வி பதில் எல்லாம் மனப்பாடமாச்சே. அடுத்து, அடுத்து, அடுத்து என்று அழுத்திக்கொண்டே போய் முடித்துக் கொடுத்துவிட்டார். நெட்டை டீ வாங்கிக்கொண்டு வருவதற்குள் அவனுக்குத் தேர்ச்சி.

அவனைத் தொட்டிக்குள் இறக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் இவருக்கு உறுத்தல். முந்தின நாள் ஷிப்டுக்கு முன்னால் அவனைப் பிடித்து உட்காரவைத்துத் தன் எண்ணில் பாடத்தைத் திறந்து, ஒவ்வொரு பக்கமாக வாசித்து அர்த்தம் சொல்லியிருக்கிறார். பதினான்காம் பக்கத்தில் இருப்பது, உள்ளே இருப்பவன் விழுந்தால் வாயில் நிற்பவன் எக்காரணம் கொண்டும் உள்ளே இறங்கக்கூடாது, கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்பது. நெட்டை சிரித்தானாம். "அப்ப நான் விழுந்தா நீ வரமாட்டியாண்ணே?"

"வரமாட்டேன்டா. ஆள கூப்புடுவேன்."

"சரியான ஆளு நீ! அப்ப நான் விழாம இருக்க என்ன பண்ணணும்?"

"அது அடுத்த பக்கம்."

சங்கு ஊதிவிட்டது. "மீதிய நாளைக்கு வேலை முடிச்சிட்டுப் பாத்துக்கலாம்ணே" என்று நெட்டை எழுந்துபோய்விட்டான்.

அந்த ஒன்பது நிமிடமும் இவர் அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தபடியே வாயில் நின்றிருக்கிறார். தெரியாமல் நிற்கவில்லை, தெரிந்துதான் நின்றிருக்கிறார். முடிக்கவில்லை என்று நீ சொன்னதும் "சரி, இதுதான் எனக்குக் கிடைக்க வேண்டியது" என்று பிடித்துக்கொண்டுவிட்டார். அந்த விரல் நரம்புத் தளர்ச்சி இல்லை தம்பி. அது அழுத்திக்கொண்டிருக்கிறது.

இப்போது நான் கேட்கப்போவதை என் வாயாலேயே கேட்கமாட்டேன் என்று போன வாரம் சத்தியம் செய்திருப்பேன். அந்தக் கோப்பில் நெட்டையின் வரியும் இருக்கும். எத்தனை நிமிடத்தில் முடித்தான் என்பதெல்லாம் இருக்குமா? இருந்தால் அந்த ஒரு வரியை வெட்டிவிடு. அவன் போய்விட்டான், அவனுக்கு இனி ஒன்றும் ஆகாது. இவர் உயிரோடு இருக்கிறார். வெட்டிவிடு தம்பி. உனக்கு அது ஒரு நொடி வேலை.

அண்ணி

&nbsp;

மார்ச் 5

அண்ணி,

இருக்கிறது. 733. மதிப்பெண் 92. தப்பான கேள்விகள் 7, 19. நாற்பது நிமிடப் பாடத்துக்கு எடுத்துக்கொண்ட நேரம், நான்கு நிமிடம். யார் பார்த்தாலும் ஒரே கைதான் என்று சொல்லிவிடுவார்கள். அதே கயிறு, அதே முகமூடி.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் அந்த வரியைத் தேர்வு செய்து, அழிக்கும் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நொடி வேலைதான். யாருக்கும் தெரியாது. பக்கத்து நாற்காலிக்காரர் "என்ன சார், சிலையாயிட்டீங்க?" என்றார். எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன். அழிக்கவில்லை. அழிக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

எனக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பீஸ் கட்டியது அந்தத் தொட்டி வாயில் நின்ற சம்பளம். நீங்கள் சொன்னால் வெட்டுவேன். பதிவு பொய் சொல்லாது என்று பெருமையாகச் சொன்ன வாயாலேயே பொய்ப் பதிவையும் கொடுப்பேன். அதற்குமேல் இழக்க என்னிடம் பெரிதாக எதுவும் மிச்சமில்லை.

ஆனால் அண்ணனைக் கேட்காமல் வேண்டாம். போன முறை அவரை ஒரு வார்த்தை கேட்காமல்தான் அவரைப் பற்றி எழுதினேன். நாள் குறைவு. பத்தாம் தேதிக்குள் பதில் வேண்டும்.

தம்பி

&nbsp;

மார்ச் 7

தம்பி,

கேட்டேன். நேற்று முழுக்கக் கெஞ்சினேன், சண்டை போட்டேன், சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில் அவர் என்னைக் கேட்டது இது:

"அத வெட்டிட்டா, நெட்டை நல்லா படிச்சுத் தேறினவன்னு ஆகும். தேறினவன் மீட்டர் கத்தும்போது வெளிய வராம நின்னான்னா, அப்ப அது அவன் தப்புன்னுதானே எழுதுவாங்க? அவன் பொண்டாட்டி அதத்தானே காலம் பூரா வச்சிட்டு இருக்கணும்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் வெட்டாதே.

அண்ணி

&nbsp;

மார்ச் 11

அண்ணி,

எனக்கும் தெரியவில்லை. முழுக் கோப்பையும் அப்படியே இன்று பதிவுத் தபாலில் விசாரணை அதிகாரிக்கு அனுப்பிவிட்டேன். என் கம்பெனியிலும் சொல்லிவிட்டேன். சாவியையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். கமிட்டித் தலைவர் போனில் "உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்றார். செவிலியர் பள்ளி அம்மாவுக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன்.

கம்ப்யூட்டரில் என் கணக்கை அவர்கள் மூடுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு வேலை செய்தேன். நாங்கள் கொண்டுவந்த புதிய முறையில் எழுதின வாக்கியத்தை யாராலும் அழிக்க முடியாது. அது செல்லாது என்று இன்னொரு வாக்கியம் எழுதலாம், அவ்வளவுதான். எழுதினவன் பெயரும் அதோடு நிற்கும். அண்ணனுடைய வாக்கியத்தைச் செல்லாது என்று எழுதினேன். மற்ற முப்பத்தைந்து பேருடையதையும். முப்பத்தாறு இடத்திலும் என் பெயர்.

நெட்டையின் வாக்கியத்தை நான் தொடவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் அண்ணன்.

16ஆம் தேதி காலை சாட்சி சொல்ல வருகிறேன். நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. உங்கள் முகத்தில் முழிக்காமல் போய்விடுவேன்.

தம்பி

&nbsp;

மார்ச் 17

தம்பி,

முழிக்காதே என்றால் முழிக்காமலேயே போய்விடுவதா? சாட்சி சொல்லிவிட்டுப் பக்கத்துக் கதவு வழியாக நீ நழுவினதைப் பார்த்தேன். முதுகு மட்டும்தான் தெரிந்தது. இளைத்துவிட்டாய். சட்டைக் காலர் பின்னால் கிழிந்திருக்கிறது, அதைக்கூடப் பார்த்துச் சொல்ல அங்கே ஆளில்லையா?

நீ பேசினது கேட்டது. "அந்த விதிய எழுதினது நான், தப்பு என்னோடது" என்று நீ சொன்னபோது அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். போலீஸ்காரர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

நீ போனபிறகு நடந்ததைத்தான் எழுதவேண்டும். பயிற்சி இல்லாதவர், பொய் சொன்னவர் என்ற குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டார்கள். அதிகாரி பேப்பரை மடிக்கப் போனார். உன் அண்ணன் கையைத் தூக்கினார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. "நெட்டைக்கு அந்தப் பாடத்த அழுத்தினது நான்தான்" என்றார். விரல் கொடுத்தது, வாசித்துக் காட்டினது, சங்கு ஊதினது எல்லாவற்றையும் சொன்னார். அந்த வழக்கம் தொழிற்சாலை முழுக்க உண்டு என்பதையும் சொன்னார். அந்தப் பக்கம் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த தொழிற்சாலை அதிகாரிகள் முகத்தில் ஈயாடவில்லை. அவர்கள்மேல் தனி விசாரணையாம். இவர்மேலும் புது வழக்கு, ஏப்ரல் 2. ஜெயில் உண்டா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. நான் இந்த அளவுக்குப் பயந்துபோய் என்றைக்கும் இருந்ததில்லை.

எல்லோரும் எழுந்தபோது நெட்டையின் பொண்டாட்டி பின்வரிசையிலிருந்து வந்தாள். மடியில் வைத்திருந்த பையை அப்படியே நெஞ்சோடு பிடித்திருந்தாள். அறையப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அறைந்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன்.

"அண்ணே, பதினாலோட நிறுத்திட்டேன்னு சொன்னீங்க. பதினஞ்சாம் பக்கத்துல என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள்.

அவருக்குத்தான் மனப்பாடமாச்சே. தலையைக் குனிந்துகொண்டு பாடத்தில் உள்ளபடியே சொன்னார். "மீட்டர் ஒலித்தால் அது பழுது என்று எண்ணாதே. தட்டிப் பார்க்காதே. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு உடனே வெளியே வா."

அவள் இன்னும் ஓரடி கிட்டே வந்தாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

"ஒரே பக்கமா?"

"ஒரே பக்கம்."

சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் பையை அணைத்தபடியே போய்விட்டாள்.

ஏப்ரல் 2க்கு முன்னால் வந்து சேர். உன் நம்பரைத் திரும்பச் சேர்த்துவிட்டேன்.

அண்ணி